யாருக்கும் கதை இல்லாத ஊர்

லியோகாதியா எங்கே சென்றாலும் குறித்த நேரத்திற்கு முன்னரே போய்ச் சுவரையொட்டிய நாற்காலியில் அமர்ந்துகொள்வாள். பேரிக்காய்க் கிடங்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததனால் வந்த பழக்கம் அது. அங்கே தாமதமாக வருபவர்களுக்குக் குளிர்காற்று அடிக்கும் வாசற்பக்கத்து மேசைதான் கிடைக்கும். அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது கதை சொல்லும்போது ஒரு பெயரை மறந்து தடுமாறினால், தலைநிமிராமலே அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவாள். இது சிப்ரியானோவை மணந்துகொண்டதனால் வந்தது.

அவர்களுடைய வல்பெராலெஸ் ஊரிலேயே சிப்ரியானோ பெயர்போன பேச்சுக்காரன். ஆனால் அவன் பேச்சு எந்த வாய்க்காலில் தொடங்கினாலும் செகோவியாவில்தான் போய்ச் சேரும். வாலிபத்தில் கட்டாயப் பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது, அவனுக்கும் அவன் தோழன் தியோதோரோவுக்கும் செகோவியா நகரத்துப் பீரங்கிப் படை விழுந்தது. அங்கே கழித்த ஓராண்டை அவன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் செலவழித்தான்.

"எங்களுக்கு ஒரு கார்ப்பரல் இருந்தான், மூக்கு செவசெவன்னு மொளகாப் பழமாட்டம். அவன் பேரு... என்னவோ..." என்று சிப்ரியானோ விரலைச் சொடுக்குவான்.

"ரெதோந்தோ," என்பாள் லியோகாதியா, பழத்தின் தோலைச் சீவிக்கொண்டே.

"ஆங், ரெதோந்தோ! அவன் பொறுப்புல ஒரு கோவேறு கழுதை. சீமாட்டின்னு பேரு. அது ஒரு நாள் கயித்த அவுத்துக்கிட்டு, மேட்டுத்தெருவுல ஏறி, நேரா மிட்டாய்க்கடைக்குள்ள பூந்துடுச்சு. கர்னல் பொண்ணு கல்யாணத்துக்குன்னு செஞ்சு வெச்ச கேக்கு..."

அந்தக் கேக்கு முதலில் ஓரடுக்காக இருந்தது. சிப்ரியானோவுக்கு நாற்பது வயதாகும்போது மூன்றடுக்காக வளர்ந்தது. பேரக்குழந்தைகள் பிறந்த பிறகு ஐந்தடுக்காயிற்று. லியோகாதியா அதை ஒரு நாளும் திருத்தியதில்லை. பெயர்களை மட்டுமே அவள் காத்து வந்தாள். மிட்டாய்க்கடைக்காரியின் பெயர், மதுக்கடையின் பெயர், நீர்ப்பாலத்தின் கீழே நிழற்படம் எடுத்துக் கொடுத்தவனின் பெயர் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. செகோவியாவை அவள் கண்ணால் கண்டதே இல்லை. ஆயினும் அங்கே எந்தச் சந்து எந்தச் சந்தில் முடிகிறது என்று ஊரில் யாருக்காவது ஐயம் வந்தால், அவளைத்தான் கேட்பார்கள்.

சிப்ரியானோ இறந்து இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன.

வல்பெராலெஸில் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் அனைவரும் ஒரு கிந்தா. ஆண்கள் ஒன்றாகப் பட்டாளத்துக்குச் சீட்டெடுத்தவர்கள் என்பதால் வந்த பெயர் அது. பட்டாளக் கட்டாயம் என்றோ ஒழிந்துபோயிற்று, கிந்தா ஒழியவில்லை. அந்த ஆண்டில் பிறந்த பெண்களும் அதில் உண்டு. ஒருவரை ஒருவர் மூக்கு ஒழுகிய காலத்திலிருந்தே அறிந்தவர்கள் ஆதலால், எத்தனை வயதானாலும் அவர்களுக்குள் மரியாதைப் பேச்சு கிடையாது. ஐம்பது நிறைந்தபோது ஒரு பயணம், அறுபதில் ஒரு பயணம், எழுபதில் ஒரு பயணம் என்பது வழக்கம். ஐம்பதில் கடற்கரைக்குப் போனார்கள். சிப்ரியானோ மணலில் படுத்துக்கொண்டு செகோவியாவின் பனியைப் பற்றிப் பேசினான். அறுபதில் அவனுக்கு இடுப்பில் அறுவை நடந்தது. ஆகவே கணவனும் மனைவியும் போகவில்லை. இப்போது எழுபது. சிப்ரியானோவும் லியோகாதியாவும் ஒரே கிந்தாவில் பிறந்து ஒருவரையொருவர் மணந்துகொண்டவர்கள். கிந்தாவின் பெயர்ப்பட்டியலில் அவளுக்கும் சொந்தமாக ஓரிடம் உண்டு என்பதை ஊர் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. அவள் மறக்கவில்லை. இந்தப் பயணத்துக்காக நீலநிறத்தில் ஒரு கைப்பெட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஓய்வு பெற்றோர் மன்றத்தில் கூடினார்கள். மேசைகளில் வெர்முத் மதுவும் ஒலிவக்காயும் வந்தன. முன்னாள் ரொட்டிக்கடைக்காரனான கிரகோரியோ கிந்தாவுக்குத் தலைவன். பழைய பள்ளிக்கூடத்து வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு அவன் கையைத் தட்டினான்.

"அமைதி, அமைதி! கேளுங்க. மே மாசம், செர்ரிப்பழம் பறிக்கறதுக்கு முன்னால போயிட்டு வந்துடணும். மூணு நாள், ரெண்டு ராத்திரி. தங்க ஒரு ஊரு. நடுநாள்ல போயிட்டுத் திரும்ப ஒரு ஊரு. அவ்வளவுதான். பத்து ஊரு பாக்கணும்னு எவனாவது சொன்னா, அவன் முட்டியை முதல்ல எனக்குக் காட்டணும்."

"இந்தத் தடவை கடற்கரை வேணாம்," என்றாள் பெனீத்தா. கிடங்கில் லியோகாதியாவுக்குப் பக்கத்து மேசையில் நின்று வேலை பார்த்தவள் அவள். நாக்கில் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கல். "நம்மளையெல்லாம் நீச்சல் உடையில பாத்துப் பாவம் அந்தக் கடலே பின்வாங்கிப் போச்சு. பழைய ஊரா ஏதாவது பாப்போம். கோட்டை, கோயில், இந்த மாதிரி. நம்மளைவிட வயசான எதையாவது பாத்தா மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிரகோரியோ வரைபடத்தில் விரலை வைத்துப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினான்.

"தொலேதோ."

"தொலேதோவா!" என்று மூலையிலிருந்து ஒருவன் எழுந்தான். "நான் பட்டாளத்துல அங்கதான்டா இருந்தேன். ஒரு நாள் காவல்ல நிக்கறேன், அப்பப் பாரு..."

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் பெனீத்தா.

"ஆவிலா."

"ஆவிலாக் குளிரைப் பத்தி என்னைக் கேளு," என்றான் இன்னொருவன். "பூட்ஸுக்குள்ள தண்ணி உறைஞ்சு..."

"உக்காருடா!" என்று அதட்டினாள் பெனீத்தா. "ஒவ்வொரு ஊருலயும் உங்கள்ல ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நின்னிருக்கான். நின்னதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணலை. அதைக் கேட்டுக் கேட்டு எங்க காது தேஞ்சு போச்சு. பஸ்ஸுல எவனாவது பட்டாளத்துக் கதை எடுத்தா, அங்கயே எறக்கி விட்டுடணும். இதை முதல்ல தீர்மானம் போடு, கிரகோரியோ."

"அப்புறம் டிரைவர் மட்டும்தான் ஊரு போய்ச் சேருவான்," என்றான் கிரகோரியோ.

விரல் சலமான்காவுக்கு வந்தபோது பெரும்பாலோர் கை தூக்கினார்கள். அங்கே சதுக்கம் பெரியது, உட்கார இடம் உண்டு, பல்கலைக்கழக வாசலின் சிற்பங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் தவளையைக் கண்டுபிடிப்பவர்களுக்கு நல்லது நடக்கும் என்று காரணங்கள் குவிந்தன. தங்குவதற்குச் சலமான்கா என்று முடிவாயிற்று. அடுத்து நடுநாளுக்கு ஓர் ஊர் வேண்டும். கிரகோரியோ விரலைச் சற்று மேலே நகர்த்தினான்.

"சமோரா."

ஒருவரும் பேசவில்லை. கிரகோரியோ சுற்றுமுற்றும் பார்த்தான். "சமோரா? யாராவது?" யாருக்கும் அங்கே பட்டாளம் விழுந்திருக்கவில்லை. யாருடைய மைத்துனனும் அங்கே பெண் எடுக்கவில்லை. ஒருவன் ஒலிவக்கொட்டையைத் தட்டில் போட்ட ஓசை மட்டும் கேட்டது.

அந்த நிசப்தம் லியோகாதியாவின் காதில் இனிமையாக விழுந்தது. கிடங்கில் இயந்திரங்களை நிறுத்தும்போது, அதுவரை இரைச்சல் இருந்ததே அப்போதுதான் தெரியும், அதுபோன்றதொரு உணர்வு. சமோரா என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரின் பின்னால் கார்ப்பரலும் இல்லை, கழுதையும் இல்லை. அவள் கையை உயர்த்த எண்ணிய நேரத்தில் தியோதோரோ எழுந்து நின்றான்.

தியோதோரோ கூட்டத்தில் பேசுபவன் அல்லன். சிப்ரியானோ பேசும்போது பக்கத்தில் நின்று "ஆமா, ஆமா" என்று சொல்வதே அவன் வாழ்நாள் உத்தியோகம். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்றேன். செகோவியா போவோம். எனக்காக இல்ல, சிப்ரிக்காக. நாம எல்லாரும் சேர்ந்து அந்த ஊரைப் பாக்கணும்னு அவனுக்குக் கொள்ளை ஆசை. நீர்ப்பாலத்துக்குக் கீழ அவன் பட்டாள உடுப்புல நின்னு படம் எடுத்தான் இல்ல, அதே எடத்துல நாம நின்னு ஒரு படம் எடுப்போம். நடுவுல, அவன் நின்ன எடத்துல, லியோகாதியா நிக்கட்டும்."

தொப்பியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டான்.  மன்றமெங்கும் கைதட்டல் எழுந்தது. பட்டாளக் கதைகளைப் பழித்த பெனீத்தாவே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வாக்கெடுப்பே வேணாம்," என்றான் கிரகோரியோ. "செகோவியா. அங்க பால்பன்றிக்குட்டியைச் சுட்டு, சாப்பாட்டுத் தட்டோட விளிம்பாலயே வெட்டிக் குடுப்பான். வெட்டி முடிச்சதும் தட்டைத் தரையில போட்டு ஒடைப்பான். அதையும் பாத்துடலாம். லியோ, நீதான் எங்களுக்கு வழிகாட்டி. உனக்குத் தெரியாத சந்தா அங்க?"

எல்லா முகங்களும் அவளை நோக்கித் திரும்பின. அவை யாவும் அன்பு நிறைந்த முகங்கள். லியோகாதியா புன்னகை செய்தாள். "ரொம்ப நன்றி," என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெனீத்தா அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். ஆற்றங்கரைப் பாதையில் பேரி மரங்கள் பூத்து நின்றன.

"ஏண்டி, புளிச்ச திராட்சையைத் தின்னவ மாதிரி வர்ற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவ. நீ பேசலைன்னா ஏதோ இருக்கு."

லியோகாதியா சிறிது தூரம் சென்றபின் நின்றாள். "பெனீத்தா, எனக்குச் செகோவியா போக வேணாம்."

பெனீத்தா அவளை உற்றுப் பார்த்தாள். "சிப்ரி ஞாபகம் வந்து கஷ்டமா இருக்கும்னா?"

"அது இல்ல. அவன் ஞாபகம் எனக்கு வீட்டுலயே இருக்கு; நாற்காலியில இருக்கு, காபிக் கோப்பையில இருக்கு. அதுக்கு நான் செகோவியா போக வேண்டியதில்ல. விஷயம் என்னன்னா... அந்த ஊரை நான் கண்ணை மூடிக்கிட்டே சுத்தி வந்துடுவேன். அப்புறம் கண்ணைத் தொறந்து பாக்க என்ன இருக்கு? எழுபது வயசுல முதல் தடவையா நான் தனியா ஒரு எடத்துக்குப் போறேன். அங்கயும் அவன் நின்ன எடத்துல போய் நிக்கணுமா?"

"அப்படிப் போடு! அப்போ இதை அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிடி சொல்றது? எல்லாரும் கைதட்டுறாங்க. தியோ அழுறான். ஆசையா ஒரு மாலையைக் கொண்டாந்து கழுத்துல போடுறாங்க. அதைப் பிடுங்கி எறியறதா?"

பெனீத்தா பக்கத்திலிருந்த பேரிமரத்தில் ஒரு பூவைத் தட்டிவிட்டாள். "சரி, எந்த ஊரு போகணும் உனக்கு?"

"சமோரா."

"அங்க என்னடி இருக்கு?"

"தெரியாது," என்றாள் லியோகாதியா. அப்படிச் சொன்னபோது அன்று காலையிலிருந்து முதன்முறையாக அவள் முகம் தெளிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அந்த மாலையின் கனம் கூடிக்கொண்டே போயிற்று. ரொட்டிக் கடையில் அவளுக்கு முன் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பாதிரியார் அவளைத் தெருவில் நிறுத்தி, செகோவியாவில் தம் நண்பர் ஒருவர் பங்கில் சிப்ரியானோவுக்காகப் பூசை வைக்க ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். கிரகோரியோ வீட்டுக்கே வந்து, நீர்ப்பாலத்தின் கீழே சிப்ரியானோ நின்ற படத்தைக் கடன் வாங்கிப் போனான். எதற்கு என்று கேட்டபோது, கண்ணைச் சிமிட்டி, "பாக்கத்தானே போற," என்றான். இவர்களில் ஒருவராவது கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் தனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று லியோகாதியா நினைத்துக்கொண்டாள். ஒருவேளை தனக்குத்தான் நெஞ்சு வறண்டுவிட்டதோ என்ற அச்சமும் அவளுக்கு இருந்தது. கணவன் நேசித்த ஊரை வெறுப்பவள் எப்படிப்பட்ட மனைவி? ஆனால் அவள் செகோவியாவை வெறுக்கவில்லை. அதை அவள் முழுவதும் உண்டு முடித்துவிட்டாள், உண்மை அதுதான்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் தியோதோரோ வந்தான். அவள் சமையலறையில் போர்ராகாக் கீரைத் தண்டுகளின் சுணையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துத் தானும் சுரண்டத் தொடங்கினான்.

"லியோ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அந்தக் கார்ப்பரல் பேரு என்ன?"

லியோகாதியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வாரமா யோசிக்கிறேன்," என்றான் தியோதோரோ. "வரவே மாட்டேங்குது. மூக்கு தெரியுது, பேரு தெரியல. சிப்ரி இருந்த வரைக்கும் அவன் சொல்லுவான், நீ எடுத்துக் குடுப்ப, நான் ஆமான்னுவேன். இப்போ நான் தனியா ஒக்காந்து நெனச்சா, அந்த வருஷமே கையில தங்க மாட்டேங்குது. நான் அங்க இருந்தேனா, இல்ல அவன் சொல்லிக் கேட்டேனான்னே சந்தேகம் வந்துடுச்சு. அதான் அங்க போகணும்ங்கறேன். நீ பக்கத்துல இருந்தா எல்லாம் திரும்ப வந்துடும்."

இதைக் கேட்டதும் லியோகாதியாவுக்கு விஷயம் விளங்கியது. அவன் செகோவியாவைக் கேட்டது அவளுக்காக அன்று, சிப்ரியானோவுக்காகவும் முழுவதும் அன்று. அவன் இளமையில் ஓராண்டு காணாமற் போய்விட்டது. அதைத் தேடப் போகிறான்.

"ரெதோந்தோ," என்றாள்.

"ரெதோந்தோ!" அவன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? ஒரு நொடியில!"

"தியோ, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க ரெண்டு பேரும் செகோவியாவுல இருந்த வருஷம் நான் எங்க இருந்தேன்?"

"நீயா? நீ இங்க இருந்த."

"இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

தியோதோரோ விழித்தான். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், விடை அதில் எழுதியிருப்பதுபோல.

"அந்த வருஷந்தான் ஆத்துல வெள்ளம் வந்துச்சு," என்றாள் லியோகாதியா. "கிடங்குல இடுப்பளவு தண்ணி. ஆம்பளைப் பசங்க பாதிப்பேர் பட்டாளத்துல. நானும் பெனீத்தாவும் மத்தப் பொண்ணுங்களும் பேரிக்காய்ப் பெட்டியெல்லாம் தலையில தூக்கிக் கோயிலுக்குக் கொண்டு போனோம். பீடம் வரைக்கும் பெட்டி. புனிதர் சிலைக்கெல்லாம் முகம் மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. அந்தக் குளிர்காலம் பூராவும் பாதிரியார் பேரிக்காய் வாசனையில பூசை வெச்சார். சாம்பிராணி வாங்க வேண்டிய செலவு மிச்சம்னு அவரே சொல்லுவார். ஒரு நாள் அவர் மும்முரமாப் பிரசங்கம் பண்ணும்போது மேல இருந்த பெட்டி சரிஞ்சு, காயெல்லாம் உருண்டு முன்வரிசைப் பெரிய மனுஷங்க காலுக்குள்ள... பெனீத்தா சிரிப்பை அடக்க முடியாம முழங்கால் போட்டுக் குனிஞ்சுக்கிட்டா. எவ்வளவு பக்தி பாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

தியோதோரோ உரக்கச் சிரித்தான். சிரித்து முடித்தபின் வியப்போடு அவளைப் பார்த்தான். "இது எனக்குத் தெரியவே தெரியாதே லியோ! இத்தனை வருஷமா நீ சொன்னதே இல்லயே?"

"யாரும் கேக்கலை."

"சிப்ரிக்கும் தெரியாதா?"

"ஒரு தடவை சொல்ல ஆரம்பிச்சேன். பாதியில கழுதை வந்துடுச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை; சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிப்ரியானோ அப்படித்தான். ஒரு கதை கேட்டால் உடனே அவனுக்கு இன்னொரு கதை ஊறிவிடும். பிறர் வாயை அடைக்க வேண்டுமென்று அவன் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆயினும் தியோதோரோ சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தான்.

"நீ எங்ககூட வர மாட்டியா?" என்று மெல்லக் கேட்டான்.

"பயணத்துக்கு வருவேன். பெட்டிகூட வாங்கிட்டேன்," என்றாள் அவள். மற்றதை அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் போனபின் சுரண்டி முடித்த தண்டுகளைப் பார்த்தாள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கூட்டத்துக்கே போதுமான கீரையை இருவரும் சுரண்டித் தள்ளியிருந்தார்கள்.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் இதையே ஆராய்ந்தாள். செகோவியாவைத் தடுத்துவிட்டால் தியோதோரோவின் ஆண்டு என்றென்றைக்கும் தொலைந்துபோகும். அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. தானும் உடன் சென்றாலோ, அந்த ஊரில் அவள் கண்ணுக்கு வேலை இராது, வாய்க்குத்தான் வேலை. ஒவ்வொரு முக்கிலும் நின்று ஒரு பெயரை எடுத்துக் கொடுப்பாள். எல்லாரும் ஆகா என்பார்கள். மாலையில் களைத்துப்போய்ப் பேருந்தில் ஏறுவாள். அவர்கள் அவளை மதிப்பதெல்லாம் உண்மை; ஆனால் அந்த மதிப்பில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடினால், சிப்ரியானோவின் வாக்கியத்தில் விடுபட்ட ஓர் இடத்தில் இருந்தாள். மறுநாள் காலை அவள் பேருந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, சலமான்காவிலிருந்து சமோராவுக்கு வண்டிகள் உண்டா என்று விசாரித்தாள். உண்டு என்றார்கள். நிறையவே உண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மன்றம் கூடியது. கிரகோரியோ ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். அதற்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கழுத்துத் துண்டை எடுத்து எல்லாரும் காணும்படி விரித்துக் காட்டினான். கிந்தாவின் ஆண்டு பொறித்த துண்டு அது. ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் புதிதாகச் செய்வது மரபு. இம்முறை ஆண்டுக்குக் கீழே சிப்ரியானோவின் படமும் அச்சாகியிருந்தது. பட்டாள உடுப்பு, நீர்ப்பாலம், காது வரை நீண்ட சிரிப்பு.

"எப்படி?" என்றான் கிரகோரியோ. "எல்லார் கழுத்துலயும் சிப்ரி! ஊருக்குள்ள நுழையறப்பவே செகோவியாக்காரன் கேக்கணும், யாருடா இந்த ஆளுன்னு."

"உயிரோட இருந்தப்பவே அவனை எறக்கி வைக்க முடியாது," என்றாள் பெனீத்தா. "இப்போ கழுத்துலயே கட்டியாச்சு."

சிரிப்பும் கைதட்டலும் ஓயுமட்டும் லியோகாதியா காத்திருந்தாள். பின்பு எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. நன்றி சொல்லப் போகிறாள் என்று எண்ணி எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள்.

"படம் நல்லா வந்திருக்கு, கிரகோரியோ," என்றாள். "அவன் பாத்திருந்தா ஆளுக்கு ரெண்டு துண்டு கட்டச் சொல்லியிருப்பான். நீங்க எல்லாரும் அவனை இவ்வளவு நெனச்சு வெச்சிருக்கீங்க. அது எனக்குப் பெரிசு. செகோவியாவுக்குப் போங்க. பூசை வைங்க. படம் எடுத்துக்குங்க, நடுவுல தியோ நிக்கட்டும். அந்த வருஷம் அவனோடது, அவன் சொல்லட்டும், நீங்க கேளுங்க. பெனீத்தா, நீயும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்."

"நான் எதுக்கு..." என்று தொடங்கிய பெனீத்தா அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

"ஆனா அன்னைக்கு நான் உங்ககூட வரலை."

மன்றத்தில் குழப்பம் எழுந்தது. உடம்புக்கு என்ன என்றார்கள் சிலர். அழுகை வந்துவிடும் என்று பயப்படுகிறாள், அழுதால் என்ன, நாங்கள் இல்லையா என்றார்கள் சிலர். கிரகோரியோ துண்டைக் கையில் பிடித்தபடி, அதிலிருந்த சிப்ரியானோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ இல்லாம எப்படி, லியோ? உனக்காகத்தானே இவ்வளவும்?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. மனம் நொந்துதான் கேட்டான்.

"தெரியும். அதனாலதான் சொல்ல இத்தனை நாள் ஆச்சு," என்றாள் அவள். "சலமான்காவுக்கு உங்ககூடத்தான் வர்றேன். ரெண்டு ராத்திரியும் பெனீத்தா குறட்டையைக் கேட்டுக்கிட்டு அவ ரூம்லயே படுத்துக்கறேன். நடுநாள் மட்டும் என்னை விட்டுடுங்க."

அப்போது தியோதோரோ எழுந்தான். அவன் கையில் தொப்பி இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டான். அவன் கண்கள் ஈரமாக இருந்தன. அவள் வராதது அவனுக்கு வலித்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"விடுங்கடா," என்றான். "அவளை எதுவும் கேக்காதீங்க. எனக்குக் கார்ப்பரல் பேரு ஞாபகம் இருக்கு. போதும். கிரகோரியோ, அவளுக்கு மட்டும் படம் போடாத துண்டு ஒண்ணு குடு. வருஷம் மட்டும் போட்டது. அவளும் இந்தக் கிந்தாதானே."

கிரகோரியோ நெடுநேரம் பெட்டியைக் கிளறினான். அச்சுக்காரன் மாதிரிக்காக முதலில் அனுப்பிய துண்டு ஒன்று அடியில் கிடந்தது. அதில் ஆண்டு மட்டுமே இருந்தது. அவன் அதை மடித்து, மேசையின் குறுக்கே அவளிடம் நீட்டினான்.

"சரி, இதையாவது சொல்லு," என்றான். "அன்னைக்கு நீ எங்க போகப் போற?"

லியோகாதியா துண்டை வாங்கிக்கொண்டாள்.

"சமோராவுக்குப் போறேன்," என்றாள்.